ஒரே கரு, ஒரு பக்கம் கொலை, ஒரு பக்கம் உரிமையா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "கர்ப்பிணியை ஒருத்தன் அடிச்சு, வயித்துல இருக்கிற கரு இறந்தா கொலைக் கேஸ். அதே கருவை அந்தப் பெண்ணே கலைச்சா உரிமை. இது என்னங்க லாஜிக்?"

நியாயமான கேள்விதான். கோட் எழுதுறவன் கண்ணுக்கு இது பக் மாதிரியேதான் தெரியும். நானும் அப்படித்தான் நினைச்சேன், கலிஃபோர்னியா கதையைப் படிக்கிற வரைக்கும்.

1969 பிப்ரவரி. ஒருத்தன் தன்னைவிட்டுப் பிரிந்துபோன மனைவியோட காரை மலைச்சாலையில மறிக்கிறான். அவங்க கர்ப்பிணி. குழந்தை வேறொருவருடையது. வயித்துலயே முழங்காலால தாக்குறான். குழந்தை மண்டையோடு உடைந்து இறந்தே பிறந்தது.

கொலை வழக்கு போட்டாங்க. ஆனா 1970-ல மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. சட்டத்துல 'மனிதர்' என்றால் உயிரோடு பிறந்தவர். அந்தச் சொல்லை விரிவாக்குறது எங்க வேலை இல்லை, சட்டமன்றத்தோட வேலை என்றது. அதே வருஷம் சட்டமன்றம் தண்டனைச் சட்டத்தின் 187-வது பிரிவைத் திருத்தி, 'மனிதர்' என்ற சொல்லுக்குப் பக்கத்துல 'அல்லது கரு' என்று சேர்த்தது.

இங்கதான் கவனிக்கணும். அதே திருத்தத்துல ஒரு விலக்கும் இருக்கு: தாயின் சம்மதத்தோட நடந்த செயலுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

1994-ல நீதிமன்றம் இன்னொரு படி போனது. கருப்பைக்கு வெளியே பிழைக்கிற அளவு கரு வளர்ந்திருக்கணும்னு அவசியம் இல்லை, 7, 8 வாரம் தாண்டியிருந்தாலே போதும் என்றது. அதாவது, சட்டப்படி கலைக்கக்கூடிய அதே கருவை வேறொருத்தன் தாக்கி அழிச்சா, அது கொலை.

முரண்பாடு மாதிரி தெரியுதா? கருவை மட்டும் பார்த்தா முரண்பாடுதான். அதைச் சுமக்கிற பெண்ணையும் சேர்த்துப் பாருங்க. கலைக்கச் சொல்லி அவளை அடிக்கிறவனும், அவள் விருப்பத்தை மீறிச் சுமக்கச் சொல்றவனும் ஒரே விஷயத்தைத்தான் பறிக்கிறாங்க: அவளோட முடிவை.

ஆனா கதை இங்க முடியலை. கலிஃபோர்னியாவோட கிங்ஸ் கவுன்ட்டியில, குழந்தை இறந்து பிறந்த இரண்டு பெண்கள் மேல, போதைப்பொருள் எடுத்ததுதான் காரணம்னு சொல்லி, இதே 187-ல கொலை வழக்கு போட்டாங்க. ஒருத்தருக்கு 11 வருஷம் தண்டனை. கிட்டத்தட்ட 4 வருஷம் உள்ளே இருந்த பிறகு, 2022-லதான் அது ரத்தாச்சு. தாக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காகத் திருத்தின சட்டம் பெண்கள் மேலேயே திரும்புச்சு. அந்த வருஷம்தான் மாநில அட்டர்னி ஜெனரல், இந்தப் பிரிவு தாய்மார்களைத் தண்டிக்க இல்லைன்னு வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தினார்.

சரி, நம்ம ஊர்ல? 2024 ஜூலை 1-லிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. பெண்ணோட சம்மதம் இல்லாம கருவைக் கலைச்சா ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். நல்லது. ஆனா அதுக்கு முந்தின பிரிவு 88-ஐப் படிங்க. சம்மதத்தோட கலைச்சாலும், அவள் உயிரைக் காப்பாத்த நல்லெண்ணத்தோட செஞ்சது தவிர, குற்றம்தான். தானே கலைச்சுக்கிட்ட பெண்ணும் அதுல அடக்கம்னு விளக்கம் வேற. பழைய சட்டத்துல 312-ஆ இருந்தது, நம்பர் மட்டும்தான் மாறியிருக்கு.

அப்போ ஆஸ்பத்திரியில நடக்கிற கருக்கலைப்பு? அது 1971-ல வந்த தனிச்சட்டம் தர்ற விலக்கு. 20 வாரம் வரை ஒரு டாக்டர், சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர் ஒத்துக்கணும். திருமணமாகாதவங்களும் அந்த 24 வாரத்துக்குள்ள வருவாங்கன்னு உச்ச நீதிமன்றம் 2022-ல சொன்னது பெரிய முன்னேற்றம். இருந்தாலும், கடைசி கையெழுத்து டாக்டரோடதுதான்.

கலிஃபோர்னியா சட்டத்துல அவளோட சம்மதமே விலக்கு. நம்ம சட்டத்துல அவளோட சம்மதம் மட்டும் போதாது. கேள்வி அனுப்பின நண்பரே, பக் இருக்கு, ஆனா நீங்க காட்டின லைன்ல இல்லை.

உங்க கருத்தை அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.