இரணைமடுவைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது?

(கிளிநொச்சியில் கமக்காரரும் நகரவாசிகளும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று மாலை இங்கு வரும் வழியில் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். அரை மணி நேரத்துக்குள் இரணைமடுக் குளத்தைப் பற்றி மூன்று தீர்ப்புகள் வழங்கப்பட்டன. "ஒரு சொட்டுத் தண்ணீரும் யாழ்ப்பாணத்துக்கு விடோம்" என்றார் ஒருவர். "வான் பாய்ந்து வீணே போகிற தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் எவருக்கு என்ன நட்டம்?" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் தேநீரைக் குடித்து முடித்து எழுந்தபடி, "எனக்குக் குளத்தின் கீழ் காணியுமில்லை, வீட்டிலே குழாயுமில்லை, நீங்கள் இரண்டு பேரும் ஆறுதலாக அடிபடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபது ஆண்டுகளாக நீதிமன்றத்தில் வாதங்களைக் கேட்டுப் பழகியவன் நான். முதல் இருவருக்கும் என்னால் மறுமொழி சொல்லியிருக்க முடியும். மூன்றாமவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அவருக்குச் சொல்லவேண்டிய மறுமொழியைத் தேடியே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

ஊர்கள் குளம் கட்டிய கதைகள் பல உண்டு. இங்கே குளம்தான் ஊரைக் கட்டியது. கனகராயன் ஆற்றின் இரு மருங்கிலும் கிடந்த இரண்டு மடுக்களை ஒன்றாக்கி அணை எழுப்பும் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கிற்று. முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அந்த வேலைக்கு வந்த கூலிகளின் குடிசைகளே இந்நகரின் முதல் வீடுகள். 1930களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலமும் வேலையும் அற்றிருந்த குடும்பங்கள் குடியேற்றத் திட்டத்தின் கீழ் வந்து காடு வெட்டின. மலேரியாவுக்குப் பிள்ளைகளைக் கொடுத்து நெல்லை விளைவித்தன. பின்னர் 1958ஆம் ஆண்டுக் கலவரமும் 1977ஆம் ஆண்டுக் கலவரமும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் எம்மவரை இங்கு விரட்டின. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. 1996, 1998, 2009 ஆகிய ஆண்டுகளில் இந்நகரம் கைமாறிய விதத்தை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தார்கள். எங்களுக்கு அது குடிதண்ணீர் நின்றுபோன இடம். வந்தவர்களுக்கு அது காட்சிப்பொருள்.

இவ்வாறு பல காலங்களில் பல வழிகளால் வந்து சேர்ந்தவர்கள்தாம் நாம். ஆகவே "ஊர் சொல்கிறது" என்று ஒருவர் எழுந்து பேசும்பொழுது, எந்த ஊர், யாருடைய ஊர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விவகாரத்தை இங்குள்ள இளைஞர்களுக்காகச் சுருக்கமாகக் கூறுகின்றேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே அங்குள்ள கிணறுகளின் நீர். உரமும் மலக்குழியும் அந்த நீரில் நைத்திரேற்றைச் சேர்த்துவிட்டன. பல இடங்களில் உவர் ஏறிவிட்டது. போதாக்குறைக்குச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அங்கே மின் உற்பத்தி செய்த நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என உயர்நீதிமன்றம் 2019 ஏப்பிரலில் தீர்ப்பளித்தது. இந்த நிலையில், 2010ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் தொடங்கப்பட்ட திட்டம், இரணைமடு அணையை உயர்த்தி அதன் நீரில் ஒரு பங்கை யாழ்ப்பாணத்துக்குக் குழாய் வழியே கொண்டுசெல்லலாம் என்றது. கமக்காரர் எதிர்த்தனர். மாகாண சபையிலும் பத்திரிகைகளிலும் ஆண்டுக்கணக்காக வாதம் நடந்தது. முடிவில் திட்டம் மாறியது. கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது அது. அங்குள்ள கடற்றொழிலாளரும் தம் தொழில் கெடுமென எதிர்த்தனர் என்பதையும் சொல்லவேண்டும். ஒருவருடைய தாகத்தை இன்னொருவருடைய வாசலில் இறக்கிவைத்துவிட்டு நாம் நிம்மதியடைந்தோமா என்பதை நம் மனச்சாட்சி அறியும்.

கமக்காரரின் எதிர்ப்பைச் சுயநலம் என்று யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலர் எழுதினார்கள். அவர்களுள் என்னுடன் படித்தவர்களும் உளர். அவர்களுக்கு நான் கூறுவது இதுதான்: மழை பொய்க்கும் ஆண்டில் சிறுபோகமே இல்லாதுபோகிற குளம் இது. இதன் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. காலபோகத்தில் அத்தனையும் விதைக்கலாம். சிறுபோகத்தில் குளத்திலுள்ள நீரை அளந்து, ஒவ்வொருவருக்கும் இத்தனை எனப் பங்கு பிரித்து, ஒரு பகுதியைத்தான் விதைக்கிறார்கள். பட்டினத்துக்குக் குழாய் போட்டபின் வரட்சி வந்தால் முதலில் மூடப்படுவது குழாயா, வாய்க்காலா? இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் மறுமொழி தாருங்கள் என்றுதான் கமக்காரர் கேட்டனர். எழுதித் தர எவரும் முன்வரவில்லை. வாய்வாக்கை நம்பிக் காணியை ஈடு வைப்பவனுக்கு என்ன நேரும் என்பதைச் சட்டத்தரணிகள் நன்கு அறிவோம்.

இதுவரை கமக்காரருக்காகப் பேசினேன். இனிச் சொல்வது உங்களிற் சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள்க.

"எங்கள் குளம்" என்கிறோம். சட்டத்தின் கண்ணில் குளம் கமக்காரரின் ஆதனம் அன்று. அதன் நீரைப் பங்கிடும் முறையை 1946ஆம் ஆண்டு 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வகுத்திருக்கிறது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் காணியுரியோர் பெரும்பான்மையாக எடுக்கும் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். எப்போது வாய்க்கால் துப்புரவு, எப்போது கதவு திறப்பு, எத்தனை ஏக்கர் சிறுபோகம் என்பன அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. கொழும்பிலே நமக்கு எத்தனையோ அதிகாரங்கள் மறுக்கப்பட்டிருக்கலாம். இந்த ஓர் அதிகாரத்தை வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கமக்காரன் கையில் விட்டு வைத்திருக்கிறார்கள். அதனை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?

சென்ற சில ஆண்டுகளில் நான் இருந்து பார்த்த கூட்டங்களில் முன்வரிசையிலிருந்து பேசியோர் பெரும்பாலும் வாய்க்காலின் தலைப்பக்கத்துக் காணிக்காரர். கடைவாய்க்காற் காணிக்காரன் கதவருகே நிற்பான். அவனுக்குத் தண்ணீரும் கடைசியில் வரும், பேசும் முறையும் கடைசியில் வரும். இன்னொரு வகையினர் உளர். காணி ஒருவர் பெயரில். அவர் யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ இருப்பார். அவருடைய சிறுபோகப் பங்கைக் குத்தகைக்கு எடுத்து வரப்பில் நிற்பவன் வேறொருவன். நட்டம் வந்தால் அவனுக்கு. கை தூக்கும் உரிமை மற்றவருக்கு. உழுபவனுக்கும் ஓரிடம் வேண்டுமென்றுதான் 1958இல் பிலிப் குணவர்த்தனா நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து, வட்டவிதானைகளின் ஆட்சியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தினார். சட்டங்கள் பின்னர் மாறின. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கமக்கார அமைப்புகள் இயங்குகின்றன. பெயர்ப்பலகைகள் மாறிய வேகத்தில் பழக்கங்கள் மாறவில்லை.

பெண்களின் நிலையைச் சொல்லாமல் விட முடியாது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரிமை அட்டவணை ஆண்மக்களைப் பெண்மக்களுக்கு முன்னே வைத்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022ஆம் ஆண்டில்தான் வந்தது. ஒரு தாயார் என்னிடம் வந்தார். தகப்பனின் அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தது. தகப்பனும் இல்லை, கணவனும் இல்லை. வயலை அவரே செய்கிறார், வாய்க்காற் சிரமதானத்துக்கும் போகிறார். கூட்டத்தில் அவர் பெயர் இல்லை. "கூப்பிட்டால் வேலைக்குப் போறன் ஐயா, கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடுகினமில்லை" என்றார். இவரை விட்டுவிட்டு எடுக்கும் முடிவை ஊரின் முடிவு என்று எந்த நீதிபதியின் முன் போய் நான் வாதாடுவேன்?

இன்னும் ஒரு படி கீழே இறங்குங்கள். காணியே இல்லாதவர்கள். 1958இலும் 1977இலும் அடிபட்டு வந்த மக்களிற் பலருக்கு இன்னமும் குளத்தின் கீழ் ஒரு துண்டு வயல் இல்லை. அவர்கள் நம் வயலில் நாற்று நட்டார்கள், அரிவு வெட்டினார்கள். இப்போது வெட்டும் இயந்திரம் வந்து அந்தக் கூலியும் குறைந்துவிட்டது. மாசி கழிந்தால் அவர்களுடைய கிணறுகள் அடியைக் காட்டுகின்றன. நான் தேநீர்க் கடையிற் சந்தித்த மூன்றாமவர் அவர்களுள் ஒருவர். குளத்தங்கரையில் குடியிருந்து குடிதண்ணீருக்குக் குடம் தூக்குகிறவனிடம், "யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொடாதே, எங்களுடன் சேர்ந்து கோஷமிடு" என்று கேட்க நமக்கு முகம் உண்டா?

2018 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். புனரமைத்து 36 அடியாக உயர்த்திய குளம் அந்த மாதம்தான் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில், 21ஆம் திகதி இரவு, பெருமழை. வான்கதவுகள் திறக்கப்பட்டன, பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை எங்கும் வெள்ளம். கதவைப் பிந்தித் திறந்தார்கள் என்று ஒரு சாரார், இல்லை என்று மறு சாரார். எவர் சரி என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. குளத்தின் நீர் மட்டம் எவ்வளவு, கதவு எப்போது திறக்கப்படும் என்ற செய்தி ஆற்றோரத்துக் குடிசைக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று நாம் முன்கூட்டித் தீர்மானித்து வைத்திருந்தோமா? அன்றிரவு சட்டியும் பானையும் வெள்ளத்தோடு போனது காணியுரித்தோ வாக்கோ அற்றவர்களுக்கும்தான்.

அரசியலைப் பற்றி ஒரு சொல். கனகராயன் ஆறு வவுனியாவில் உற்பத்தியாகி ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகிறது. முழுவதும் வட மாகாணத்துக்குள்ளேயே ஓடும் ஆறு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாக ஓடாத ஆற்றின் நீர்ப்பாசனம் மாகாணத்துக்குரிய விடயம். அதிகாரம் ஏட்டில் நமக்கு இருக்கிறது. அதைச் செலுத்தவேண்டிய சபையின் காலம் 2018 அக்ரோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல சென்றும் தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநரே சபையாக இருந்தார். இதனை எதிர்த்து நாம் பேசுவோம், வழக்காடுவோம். ஆனால் கொழும்பிடம் நாம் வைக்கும் குற்றச்சாட்டு என்ன? சம்பந்தப்பட்ட மக்களைக் கேளாமல் முடிவெடுக்கிறாய் என்பதுதானே? அதே குற்றச்சாட்டை அந்தத் தாயார் நம்மீது வைத்தால் எங்கே போய் ஒளிவோம்?

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்னும் திட்டத்தை வகுத்தார். இரணைமடுவில் வான் பாய்ந்து ஆனையிறவுக் கடனீரேரிக்கு வரும் நீரைக் கடலுக்கு விடாது மறித்து, வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுபோய்க் குடாநாட்டு நிலத்தடி நீரை வளர்ப்பது அதன் சாரம். வேலை அரையும் குறையுமாகக் கிடக்கிறது. கமக்காரனின் குளத்தில் கை வைக்காமல், அவனுக்கு மிஞ்சியதை மட்டும் எடுக்கும் யோசனை அது. கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும் ஒன்றாகக் கையொப்பமிட்டுக் கேட்கக்கூடிய கோரிக்கை ஒன்று இருக்குமானால் அது இதுவே என்பது என் தாழ்மையான கருத்து. கடல்நீரை நன்னீராக்குவதற்கு மின்சாரம் வேண்டும். அதன் விலையைப் பொதுமக்களே கொடுக்கவேண்டும். ஆகையால் இரணைமடுப் பேச்சு இத்துடன் முடிந்துவிட்டது என எவரும் எண்ணிவிட வேண்டாம். அது திரும்ப வரும். வரும்பொழுது நம் கையில் என்ன இருக்கும்? தேநீர்க் கடைத் தீர்ப்புகளா, அல்லது ஒழுங்காகக் கூட்டி, ஒழுங்காகப் பதிந்த தீர்மானமா?

நான் கேட்பது பெரிய காரியமல்ல. அடுத்த காலபோகக் கூட்டத்துக்கு முன்னர், ஒவ்வொரு வாய்க்காலிலும் யார் காணியுரியவர், யார் உண்மையில் விதைப்பவர் என்று இரண்டு நிரல்களாக ஒரு பதிவு வேண்டும். குத்தகைக்காரருக்கு வாக்கில்லை என்று சட்டம் சொன்னாலும், அவருடைய கருத்தைக் கேட்டுக் குறிப்பில் எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. காணியற்றோரின் குடிதண்ணீரை நிகழ்ச்சிநிரலின் கடைசியில் "வேறு விடயங்கள்" என்பதற்குள் திணிக்காமல், முதல் விடயமாக வையுங்கள். குளத்திலிருந்து குடிநீருக்கென ஒதுக்கும் முதற் பங்கு அந்தக் குடியிருப்புகளுக்குச் செல்லவேண்டும் என்று கமக்காரர்களே தீர்மானம் கொண்டுவந்தால், அன்றைக்கு அந்த மூன்றாமவரை நான் தேடிப்போய்க் காண்பேன்.

பதிவு வேலையை வருகிற சனிக்கிழமையே தொடங்கலாமென நண்பர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காலை எட்டு மணி முதல் இதே மண்டபத்தில் நானும் இரண்டு இளம் சட்டத்தரணிகளும் இருப்போம். கட்டணம் இல்லை. அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் அதனையும் பிரதியொன்றையும் கொண்டு வாருங்கள். தொலைத்தவர்கள் கமநல சேவை நிலையத்தில் வரி கட்டிய பற்றுச்சீட்டு இருந்தால் அதைக் கொண்டு வாருங்கள். அதுவும் இல்லாதவர்கள் பக்கத்து வயற்காரர் இருவரைச் சாட்சிக்கு அழைத்து வாருங்கள். சத்தியக்கடதாசியை நாங்கள் எழுதித் தருவோம்.