ஒரு தாயும் இரு மக்களும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு பக்கம் சார்ந்து நிற்கும் கவிஞன் உண்மை பேச வல்லனோ என்னும் வினா நம் வட்டத்தில் அடிக்கடி எழுவது. அதற்கு விடை தேடிப் பிரெஞ்சுக் கவிஞர் அக்ரிப்பா தோபிஞ்யேயிடம் செல்கிறேன்.

1552இல் பிறந்த அவர் புரோட்டஸ்டண்டு சமயத்தினர். 1560இல், சிறுவனாக அம்புவாஸ் நகர்வழிச் சென்றபோது, அரசுக்கு எதிராகச் சூழ்ந்து கொலையுண்ட தம் சமயத்தாரின் தலைகளைத் தந்தை காட்டிப் பழிதீர்க்கப் பணித்தார் என்று அவரே எழுதியுள்ளார். 1572இல் பாரிசில் பர்த்தலோமேயு திருநாள் படுகொலை. 1577இல் போரிற் காயமுற்றுக் கிடந்தபோது தொடங்கிய ஏழு காண்டக் காப்பியமே 'லே திராழிக்'. அச்சேறியது 1616இல்தான், 1598ஆம் ஆண்டின் நாந்து ஆணை போரை அடக்கிய பின்னர், கேட்பாரற்ற காலத்தில்!

(பதினான்காம் லூயி மன்னர் 1685இல் அவ்வாணையை நீக்கியபோது, அவர் மணந்திருந்த கத்தோலிக்கப் பெண்மணி இக்கவிஞரின் பேத்தியே.)

முதற் காண்டத்தில் பிரான்சு ஒரு தாய். இரு மார்பிலும் இரு மக்கள். ஏசா, யாக்கோபு என அவர் குறிப்பவர்களுள் ஏசாவே வம்புக்காரன். தம் சமயத்தைக் குறிக்கும் யாக்கோபோ தற்காத்துப் போரிடுபவன். இதுவரை பேசுவது பக்கச்சார்பே. ஆயின் அடுத்து வாய் திறப்பவள் தாய். அவள் சாபம் யாக்கோபையும் விடவில்லை. இருவரும் மார்பைக் குருதியாக்கிவிட்டனர். இனி ஊட்டப் பாலில்லை, குருதியே உண்டு என்கிறாள். பிற காண்டங்களில் வசை மிகுதி. எனக்கு அவை சலிப்பூட்டின. இந்தச் சில அடிகளுக்காகவே அவரை மீண்டும் மீண்டும் படிக்கிறேன்.