கைட்ரிட் பூஞ்சைகளும் தவளை இனங்களின் அழிவும்



பூஞ்சையியலாரும் விலங்கியலாரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து விவாதிக்கப் போகும் இம்மாநாட்டிற்குத் தலைமை வகிக்கும் கௌரவத்தை எனக்கு அளித்த நிர்வாகக் குழுவினருக்கு என் உளமார்ந்த வந்தனம். இவ்விரு துறையினரும் இவ்வாறு கூடுவது அபூர்வம்; கூடாதிருந்தமையால் நேர்ந்த நஷ்டம் பெரிது.

கைட்ரிட் பூஞ்சைகள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த கூட்டம். குட்டையில் உதிர்ந்த மகரந்தத்தையும் மட்கும் இலையையும் உண்டு ஜீவிக்கும் இந்தச் சூட்சும உயிர்களைக் கற்பதால் யாது பிரயோஜனம் என்று வினவியவர்களே மிகுதி. பரிணாமத்தை நோக்குவோர்க்கோ இவற்றின் ஸ்தானம் மிக உயர்ந்தது. பூஞ்சைக் குலம் கிளைவிடத் தொடங்கிய ஆதிநாளிலேயே பிரிந்துபோன இவை, ஏனைய பூஞ்சைகளுள் பெரும்பாலானவை நிலத்திலே பல்கிப் பெருகும் போக்கில் இழந்துவிட்ட கசையிழையை இன்றளவும் காத்து வருகின்றன. அந்த ஒற்றை இழையால் பின்னிருந்து உந்தப்பட்டு நீந்தும் வித்து, விலங்கின் விந்தணுவை ஒத்திருப்பது தற்செயலன்று. பூஞ்சைக்கும் நமக்கும் ஒரே மூதாதை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்துப் பாறையில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தாவரங்களினூடே, கைட்ரிட்டுகள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன.

இத்தகைய சாதுவான குலத்திலிருந்தா இவ்வளவு கொடிய ரோகம் பிறந்தது! 1970களின் இறுதியிலிருந்து ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும், கோடரி படாத மலைக்காடுகளிலேயே, தவளைகள் கூட்டங்கூட்டமாக மறையலாயின. இட்ட முட்டைகளைத் தாமே விழுங்கி, இரைப்பையிலே குஞ்சுகளை வளர்த்து, வாய்வழியே ஈன்ற குவீன்ஸ்லாந்துத் தவளைகளின் இரு இனங்களும் 1980களின் நடுவில் இல்லாதொழிந்தன. அவ்வழிவுக்கும் இந்நோயே காரணமாயிருக்கக்கூடும் என்பது வல்லுநர் பலர் கருத்து. 1998-ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர் பெர்கர் முதலியோர், மாண்ட தவளைகளின் சர்மத்தில் ஒரு கைட்ரிட் பூஞ்சையைக் கண்டு அறிவித்தனர்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம் இதுதான். வாஷிங்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த அம்புநஞ்சுத் தவளைகளின் தோலில் இனந்தெரியாத ஓர் உயிரைக் கண்டு திகைத்த பெஸ்ஸியர், நிக்கோல்ஸ் என்னும் நோயியலார், மெயின் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் லாங்கோரை நாடினர். அவ்வம்மையார் எவரும் பொருட்படுத்தாத கைட்ரிட்டுகளைக் குட்டைநீரிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்துப் பழகியவர். ஆதலால் அவ்வுயிரைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்து, 1999-இல் மூவரும் இணைந்து, பட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாட்டிடிஸ் எனப் பெயரிட முடிந்தது. பயனற்றது என்று பலர் ஒதுக்கிய வித்தை, வேளை வந்தபோது ஒரு முழு விலங்கு வகுப்பின் மரண காரணத்தை நிர்ணயம் செய்தது.

நோயின் போக்கைச் சற்று அருகிருந்து நோக்குங்கள். தவளையின் தோல் வெறும் போர்வையன்று. நீரையும் உப்புக்களையும் அளந்து உட்கொள்ளும் அவயவம். கெராட்டின் நிறைந்த மேல்தோலில் பூஞ்சையின் வித்துப்பைகள் முதிர்ந்து வெடிக்க வெடிக்க அந்த வேலை தடைப்படுகிறது. ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குன்றுகின்றன. கால்களைப் பரப்பி அசைவற்றிருக்கும் தவளையை மல்லாக்கப் புரட்டினால் அது திரும்பி எழுவதில்லை. ஈற்றில் இதயம் நின்றுபோகிறது. தலைப்பிரட்டையின் வாயுறுப்புக்களில் மட்டுமே கெராட்டின் உள்ளமையால், அது நோயைச் சுமந்தும் பெரும்பாலும் பிழைத்து, குளத்தில் தொற்று நீங்காதிருக்க ஏதுவாகிறது.

2019-இல் வெளிவந்த கணக்கின்படி 501 இனங்கள் இந்நோய்வகையால் நலிந்தன. அவற்றுள் 90 அழிந்திருக்கலாம். தவளைகளைக் கொல்லும் இப்பூஞ்சையின் பிறப்பிடம் கிழக்காசியா என்றும், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவலாயிற்று என்றும் 2018-இல் மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. உயிருள்ள தவளைகளைக் கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றிய மனித வியாபாரமே அதற்கு வாகனமாயிற்று என்று கருதுவது பொருந்தும். சாலமாண்டர்களைக் கொல்லும் இதன் உறவினம் 2013-இல் நெதர்லாந்தில் அறியப்பட்டது. அதுவும் ஆசியாவினின்றே சென்றது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இத்தொற்று காணப்பட்டுள்ளது; ஆனால் பெருஞ்சாவு இங்கே கண்டறியப்படவில்லை. அதன் காரணத்தை ஆராயும் கடமை நம்முடையது.

ஆகவே, நம் பல்கலைக்கழகங்களில் கைட்ரிட்டுகளின் உயிருள்ள வளர்ப்புக்களைப் பேணவும், அருங்காட்சியகப் புட்டிகளில் உள்ள பழைய தவளைகளின் தோலைச் சோதிக்கவும் இம்மாநாடு தன் முதல் தீர்மானத்தில் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.