அளவறிந்து கரைத்தல்

வேதியியலில் உங்களுக்கு இடராக இருப்பது யாது என்று கேட்டால், உங்களுள் பலர் கணக்கு என்றே விடை கூறுவீர்கள். நிறம் மாறும் கரைசலையும் நுரைத்தெழும் வாயுவையும் ஆவலுடன் காணும் கண்கள், மோல் என்னும் சொல்லைக் கண்டதும் மருளுகின்றன. நானும் அவ்வாறு மருண்டவனே.

கல்லூரியில் பயின்ற காலத்தில், ஒரு மோலார் சர்க்கரைக் கரைசல் ஒரு லிட்டர் செய்து தருமாறு ஆசிரியர் பணித்தார். சர்க்கரையின் மோல் நிறை 342 கிராம். அதனை நிறுத்தெடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிவிட்டேன். ஆசிரியர் சினக்கவில்லை, கரைசலை அளந்து பார்க்கும்படி மட்டும் கூறினார். ஏறக்குறைய 1.2 லிட்டர் இருந்தது! ஒரு லிட்டருக்கு ஒரு மோல் இருக்க வேண்டிய இடத்தில் 0.8 மோலுக்குச் சற்றே மிகுதியாக இருந்தது. “தண்ணீர் ஒரு லிட்டர் அன்று, தம்பி, கரைசல் ஒரு லிட்டர். குறைந்த நீரில் முதலில் கரைத்துக்கொள், பின்னர்க் குடுவையின் கோடு வரை நீரை நிரப்பு” என்றார்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். சர்க்கரை நீரால் ஒன்றும் கெடாது. ஆனால், உயிரைக் காக்கும் கரைசல்களும் உலகில் உண்டு.

1971 ஆம் ஆண்டில், வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் உப்புநீர் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனோபிஸ், நோயாளிகள் வாயால் பருகும் கரைசலைத் துணிந்து கையாண்டு, பல உயிர்களைக் காத்தார். லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், இவையே அதன் பொருள்கள்.

இதில் சோடியம் எவ்வளவு? உப்பின் மோல் நிறை 58.5. 3.5 ஐ அதனால் வகுத்தால் 0.060 மோல். சோடாவின் மோல் நிறை 84. 2.5 ஐ அதனால் வகுத்தால் 0.030 மோல். இரண்டும் மோலுக்கு ஒரு மோல் சோடியமே தருவன. ஆகவே, லிட்டருக்கு 0.090 மோல், அஃதாவது 90 மில்லிமோல்.

இதே பொருள்களை அரை லிட்டரில் கரைத்தால் என்னாகும்? செறிவு 180 ஆகிவிடும். நம் குருதியிலோ ஏறக்குறைய 140 தான் உண்டு. நீரிழப்பைத் தீர்க்க வந்த கரைசலே உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். வகுத்தலில் நேரும் பிழை இங்கே மதிப்பெண்ணோடு நிற்பதில்லை.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. 2002 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அக்கரைசலைத் திருத்தியமைத்தது. அதில், லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், நீரேறிய சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சிட்ரேட்டின் மோல் நிறை 294. அதன் ஒரு மோல், மூன்று மோல் சோடியத்தைத் தரும். சோடியத்தின் செறிவு யாது? மூன்றால் பெருக்க மறந்தவர்க்கு 54 மில்லிமோல் என்று விடை வரும். மறவாதவர்க்கு 74 வரும். நிறுவனம் குறித்த அளவு 75. பதின்மங்களைச் சுருக்கியதால் வந்த சிறு வேறுபாடே அது.

கணக்கைத் தொடங்குமுன் மூன்றை எண்ணிப் பாருங்கள். கிராமை மோலாக்கினேனா? ஒரு மோல் எத்தனை மோலைத் தருகிறது என்று வாய்பாட்டையோ சமன்பாட்டையோ நோக்கினேனா? கரைசலின் முழுக் கன அளவால் வகுத்தேனா? எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் தவறாது எழுதுங்கள். நாள்தோறும் இரண்டு கணக்குகள் போதும். சில திங்களில் மருட்சி தானே அகலும்.

நாளை உங்களுள் ஒருவர் மருந்து கலக்கும் இடத்தில் நிற்கக்கூடும். அன்று அக்கரைசலைப் பருகுபவர், நீங்கள் இன்று செய்யும் பயிற்சியை நம்பியே பருகுவார்.