இன்றேல், ஏன்?

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற தொழிலாளர் ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலைநாட்டில் கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்திராத தோழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தராசில் கொழுந்தை மாட்டியதும் எங்கள் பெண்கள் முதலில் முள்ளைப் பார்ப்பார்கள். அடுத்தது, கணக்கு எழுதுபவரின் கையைப் பார்ப்பார்கள். "எத்தனை எழுதினீங்க?" என்று கேட்பார்கள். முள் காட்டியதைவிடக் குறைத்து எழுதியிருந்தால் "ஏன்?" என்று கேட்பார்கள். மழைத்தண்ணீருக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு என்று ஒரு பதில் வரும். அந்தப் பதில் சரியா பிழையா என்பது பிறகு. கேட்காதவளுடைய கொழுந்துதான் அதிகம் குறையும். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

பாராளுமன்றத்தில் அமைச்சர்களிடம் கேட்கப்படும் வினாக்களும் இந்த இரண்டு கேள்விகள்தான். ஹன்சாட் அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். உறுப்பினர் கேட்கும் வினா (அ), (ஆ), (இ) என்று பிரிந்து நிற்கும். எத்தனை பேர், எந்த மாவட்டம், எவ்வளவு பணம், எந்தத் திகதிக்குள் என்று போகும். கடைசியில் ஒரு வரி வரும்: "இன்றேல், ஏன்?" இல்லை என்றால் ஏன் இல்லை என்று சொல்லுங்கள் என்பது பொருள். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

தோட்டத் தொழிற்சங்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கிளிநொச்சியில் பாரதிபுரத்துக்கும் மலையாளபுரத்துக்கும் போய்ப் பாருங்கள். வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். 1958, 1977, 1981, 1983 என்று ஒவ்வொரு கலவரத்திலும் தோட்டத்தை விட்டு ஓடி வந்த எங்கள் சனம் அங்கே இருக்கிறது. வன்னியிலும் நிம்மதி கிடைக்கவில்லை. போர் துரத்த, மன்னார்க் கரையில் படகு ஏறி இராமேஸ்வரம் போனவர்களில் அவர்களும் அடக்கம். ஆகவே அகதி என்ற சொல் வடக்குக்கு மட்டும் உரியதல்ல. அது லயன் காம்பராவில் தொடங்கிய கதை.

அந்தக் கதையில் காங்கேசன்துறைக்கும் ஓர் இடம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதைச் சபையில் எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் அன்றைய காங்கேசன்துறை உறுப்பினர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். அடுத்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமூலத்தின்போது தமிழ்க் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார். செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் வன்னியசிங்கமும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு எங்களுக்கு நடந்த அநீதியும் ஒரு காரணம். இதை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். அதே யாழ்ப்பாணத்தில் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லையும் கேட்டோம், எங்கள் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு வந்து பள்ளிக்கூடம் காணாமல் வளர்ந்ததையும் கண்டோம். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் தோழமை.

குடியுரிமையோடு வாக்கும் போனது. 1947 தேர்தலில் வென்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினர்கள் சபையில் இருந்தார்கள். 1952இல் ஒருவர்கூட இல்லை. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவாகும் வரை, கால் நூற்றாண்டு, நாங்கள் வாக்களித்து அனுப்பிய எங்கள் பிரதிநிதி என்று ஒருவர் அந்தச் சபையில் இருக்கவில்லை. நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். நியமித்தவரிடம் எவ்வளவு தூரம் கேள்வி கேட்க முடியும்?

அந்தக் கால் நூற்றாண்டுக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரைப் பங்கு போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தராசில் கிடந்தது நாங்கள். "எத்தனை எழுதினீங்க?" என்று கேட்க எங்களுக்குச் சபையில் வாய் இல்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இந்திய உள்துறை அமைச்சின் ஆண்டறிக்கைகளின்படி 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை இந்தியாவுக்குப் போன இலங்கை அகதிகள் 304,269 பேர். 1995 மார்ச் வரை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469 பேர். அதன் பிறகு அரசே ஒழுங்குசெய்து அனுப்பவில்லை. விரும்பியவர்கள் தாங்களாகவும் ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடும் சிறுகச் சிறுகத் திரும்பினார்கள். அண்மைய ஆண்டுகளிலும் தமிழ்நாட்டு முகாம்களில் 58,000 பேருக்கு மேல் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே பதிவோடு 34,000 பேருக்கு மேல்.

டில்லிப் பாராளுமன்றத்தில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இவர்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அமைச்சர்களிடமிருந்து வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை, வெளிநாட்டவர்கள் எல்லோரும் வெளிநாட்டவர் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், நிவாரணம் வழங்குகிறோம் என்பார்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றையும் எடுத்து இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டெம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்களித்தார்கள். நல்லது. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் குடிமகன் என்பது வேறு. தமிழக அரசு 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடுகளும் கட்டத் தொடங்கியது. அதையும் வரவேற்கிறோம். ஆனாலும் முகாம் முகாமாகவே இருக்கிறது.

கொழும்புக்கு வருவோம். 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களும் அவர்களது வழித்தோன்றல்களும் பிரஜைகள் ஆகலாம் என்றது. போரால் ஓடி இந்திய முகாமில் இருந்தவர்கள் 'நிரந்தரமாக வாழ்ந்தவர்' என்ற சொல்லில் இடறி விழுந்தார்கள். 2009இல் திருத்தம் கொண்டுவந்து அவர்களுக்கும் வழி திறந்தார்கள். சட்டத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. கதவின் முன்னால் கேட்கும் கடதாசிதான் இல்லை.

முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகப் பதிய வேண்டும். அதற்குத் தாய் தகப்பனின் பிறப்புப் பத்திரம் வேண்டும். தகப்பன் பிறந்தது ஊவாவில் ஒரு தோட்டம், வளர்ந்தது வன்னி, கடதாசி போனது கடலில். திரும்பி வந்தால் கிராம அலுவலர், பிரதேச செயலகம், ஆட்பதிவுத் திணைக்களம் என்று ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் துண்டைக் கேட்பார்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் வாக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, காணிக்கு விண்ணப்பம் இல்லை. 2025 மே மாதம் ஐ.நா. நிறுவனத்தின் உதவியோடு முறைப்படி திரும்பிய வயோதிபர் ஒருவர், பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். உயிர் தப்ப நாட்டை விட்டுப் போனபோது முறையான வழியில் போகவில்லை என்பது குற்றமாம். அந்தச் சட்டமும் 1948ஆம் ஆண்டினது, இலக்கம் 20. எங்கள் குடியுரிமையைப் பறித்தது இலக்கம் 18.

இந்த நாடும் அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடவில்லை என்பதை மறக்காதீர்கள். 2024 டிசம்பரில் ரோஹிங்கியா மக்கள் நூறு பேருக்கு மேல் ஒரு படகில் முல்லைத்தீவுக் கரைக்கு வந்தார்கள். கரையோரச் சனம் சோறும் தண்ணீரும் கொடுத்தது. அரசு அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைத்தது. சபையில் கேள்வி எழுந்தபோது, இன்னும் எத்தனை பேர் வரக்கூடும் என்ற பேச்சுத்தான் பெரிதாக இருந்தது. வந்தவர்களுக்கு என்ன உரிமை என்பது சிறிதாகிப் போனது. படகில் போன சனம் நாங்கள். படகில் வந்தவர்களுக்காக எங்கள் உறுப்பினர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

தோழர்களே, அமைச்சர்களின் பதில் மூன்று விதம். ஒன்று, அவகாசம் கோருவது. இரண்டு, பதிலைச் சபாபீடத்தில் வைத்துவிட்டு உட்காருவது. மூன்று, கேட்டதுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்றைச் சொல்வது. எத்தனை பேருக்கு அடையாள அட்டை கிடைத்தது என்று கேட்டால், எத்தனை நடமாடும் சேவை நடத்தினோம் என்று வரும். அமைச்சரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வினா தளர்வாக இருந்தால் விடையும் நழுவும். ஆகவே வினாவை நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் சங்கம் வடக்கு, மலையக உறுப்பினர்களிடம் கொடுக்க இருக்கும் வினா இதுதான்:

(அ) 2009க்குப் பின் இந்தியாவிலிருந்து திரும்பியவர்களில், பிறப்புப் பதிவும் பிரஜாவுரிமைச் சான்றிதழும் கிடைத்தவர்கள் மாவட்ட ரீதியாக எத்தனை பேர்?

(ஆ) விண்ணப்பித்தும் இதுவரை கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? அவற்றில் மிகப் பழைய விண்ணப்பம் எந்த ஆண்டினது?

(இ) அவர்களுள் மலையக வம்சாவளியினருக்குக் காணி வழங்கப்பட்டதா?

(ஈ) போர்க்காலத்தில் தப்பிச் சென்று திரும்புவோரைக் கைது செய்யாதிருக்கச் சட்டம் எந்தத் திகதிக்குள் திருத்தப்படும்?

(உ) இன்றேல், ஏன்?

பதில் வந்ததும் வேலை முடியாது. ஹன்சாட்டில் அச்சான பதில் அமைச்சர் கையெழுத்திட்ட துண்டு மாதிரி. அதை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்த உரிமை பிரஜைகளுக்கு மட்டும். கடதாசி இல்லாதவருக்குக் கேட்கும் உரிமையும் இல்லை. ஆகவே அடையாள அட்டை உள்ள நாங்கள்தான் அவர்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையில், உங்கள் கிராமத்தில், இந்தியாவிலிருந்து திரும்பிக் கடதாசி இல்லாமல் இருக்கும் குடும்பத்தின் பெயரை, பிறந்த தோட்டத்தை, போன ஆண்டை, வந்த ஆண்டை, எந்தக் கந்தோரில் என்ன கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எங்கள் கிளைக் காரியாலயத்தில் கொடுங்கள். அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அமைச்சர் ஒரு தொகை சொல்லும்போது எங்கள் கையிலும் ஒரு தொகை இருக்க வேண்டும். தராசு முள்ளைப் பார்த்தவளுக்குத்தான் எழுதியது குறைவு என்று சொல்ல முடியும்.