இனி என்னங்க இருக்கு?

(குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)

பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் காத்திருப்பதால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சாயங்காலம் கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு, "இனி என்னங்க இருக்கு?" பிள்ளைகளைப் படிக்க வைத்தாயிற்று, வீட்டுக் கடன் முடிந்தது, பென்ஷன் வருகிறது. நினைத்ததெல்லாம் நடந்திருக்கிறது. ஆனாலும் சொல்கிறவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

தேக்கம்பட்டி பாப்பம்மாள் அம்மாவைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். 1914-இல் தேவராயபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பெற்றோரை இழந்து, மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பாட்டியிடம் வளர்ந்தார். மளிகைக் கடை நடத்தி, அந்த வருமானத்தில் நிலம் வாங்கினார். காரமடை ஒன்றியத்தில் கவுன்சிலராக இருந்தார். நூறு வயதைத் தாண்டியும் இரண்டரை ஏக்கரில் வாழை, வெண்டை என்று இயற்கை முறையில் விளைவித்தார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விவசாயிகள் விவாதக் குழுவிலும் இருந்தார். 2021-இல் பத்மஸ்ரீ. 2024 செப்டம்பர் 27-ல் காலமானார்.

எனக்கு விருதைவிட அந்த வாழைதான் பெரிதாகத் தெரிகிறது. கன்று நட்டால் தார் வெட்ட ஏறக்குறைய ஒரு வருடம். நூறு வயதில் ஒரு வருடத்துக்கு அப்புறம் வருகிற தாரை மட்டும் நினைத்துக்கொண்டு யாராவது நட முடியுமா? தண்ணீர் கட்டுவது, பக்கக் கன்று எடுப்பது, காற்றுக்குச் சாயாமல் முட்டுக் கொடுப்பது, இதெல்லாம் பிடித்திருந்தால்தான் முடியும். அதே சமயம், தார் என்று ஒன்று வரப்போகிறது என்பதால்தான் காலையில் எழுந்து தோட்டத்துக்குப் போகத் தோன்றுகிறது. நோக்கமே இல்லாத பொழுதுபோக்கும் சலித்துவிடுமுங்க. டிவி ரிமோட்டைக் கேட்டால் சொல்லும்.

நான் பேங்கில் கிளார்க்காக இருந்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் லெட்ஜர் பேலன்ஸ் எடுக்கும்போது சின்னத் தொகை வித்தியாசம் வந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், யாரோ 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டுத் தேடுவோம். ராத்திரி எட்டு மணி, ஆறிப்போன டீ, நாலு பேர் தலை ஒரே லெட்ஜரில். டேலி ஆக வேண்டும் என்பது நோக்கம். இன்றைக்கும் பழைய நண்பர்கள் சந்தித்தால் பேசுவது அந்தத் தேடலைப் பற்றித்தான். டேலி ஆன தொகை ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பின்னால் நாலு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. அங்கே காய்கறி போடலாம் என்று கமிட்டியில் கேட்டேன். "உழவர் சந்தையில் இதைவிட மலிவாகக் கிடைக்குமே" என்றார் ஒருவர். காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் ஒத்துக்கொள்கிறேன், விதை, மண், எரு, கூலி எல்லாம் போட்டால் நம் வெண்டைக்காய் விலை அதிகமாகத்தான் வரும். ஆனால் வெண்டை நட்டு சுமார் 45 நாளில் காய்க்கும், அப்புறம் ஒன்று விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நம்மை யாரோ ஒன்று விட்டு ஒரு நாள் கூப்பிடுகிற மாதிரி. அந்த அழைப்புக்கு என்ன விலை போடுவது என்று எனக்கு எந்த வவுச்சரிலும் சொல்லித் தரவில்லை.

குனிய முடியாதவர்கள் விதை ஊறவைக்கலாம், நாற்றுத் தட்டு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. பூச்சியை முதலில் பார்க்கிறது அவர்கள் கண்தான்.

கமிட்டி மூன்று மாதம் சோதனையாக அனுமதி கொடுத்திருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம். மண்வெட்டி இரண்டுதான் இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்து பால்கனியில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்து வாருங்கள்.