நாளைக்கு வருகிறவருக்கு எழுதுங்கள்

  

1988இல் நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் கல்லூரி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. மறு வருடம், இன்று நீங்கள் பட்டம் பெறும் இந்தப் பல்கலைக்கழகம் பிறந்தது. கால்நடை மருத்துவத்துக்கென்று இந்தியாவில் தொடங்கிய முதல் பல்கலைக்கழகம். அதன் தொடக்கக் காலப் பட்டதாரிகளில் நானும் ஒருத்தி என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

வழக்கமாக இந்தப் பட்டமளிப்பு மேடையில் ஆராய்ச்சியாளர்களும் உயர் அதிகாரிகளும் பேசுவார்கள். நான் அந்த இரண்டும் இல்லை. இங்கிலாந்தில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். அதில் முதல் பதினோரு வருடம் நிரந்தர வேலை. 2014இல் அதை விட்டேன். அதன்பிறகு லோக்கம். லத்தீனில் 'இடத்தைப் பிடித்து வைத்திருப்பவர்' என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்த சொல் அது. நம் பள்ளிக்கூடங்களில் 'லீவ் வேகன்சி' டீச்சர் என்போமே, அதேதான். ஒரு மருத்துவமனையில் டாக்டர் பிரசவ விடுப்பில் போனால், காலொடிந்து படுத்தால், வேலையை விட்டுப் போனால், இரண்டு வாரமோ ஆறு மாதமோ அந்த இடத்தில் நின்று வேலை பார்ப்பது.

நிரந்தர வேலையை விட்டதைப் போனில் சொன்னபோது கரூரிலிருந்து என் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "யாராச்சும் பர்மனென்ட் வேலைய விடுவாங்களா கண்ணு?"

இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களிலும் பாதிப் பேர் அதைத்தான் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதில் தவறில்லை. 2019இல் தேர்வாணையம் கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு 1,141 இடங்களை அறிவித்தபோது எத்தனை வீடுகளில் பூஜை நடந்திருக்கும்! அரசுப் பணி கிடைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஒரு கிராமத்து மருந்தகத்தில் பத்து வருடம் உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கு அந்த ஊரின் ஒவ்வொரு மாட்டின் தாயும் பாட்டியும் தெரியும். அது பெரிய செல்வம். நான் நிரந்தர வேலையை விட்டபோது இழந்தது அந்தச் செல்வத்தைத்தான். சம்பளத்தை இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

ஏன் விட்டேன்? மூன்று இரவுக்கு ஒரு இரவு அழைப்புப் பணி. ஆடுகள் குட்டி ஈனும் பருவமான மார்ச், ஏப்ரலில் அந்த இரவுகளில் தூக்கமே கிடையாது. பிறகு நான் வேலை பார்த்த மருத்துவமனையை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பிரிட்டனில் 1999இல் விதி தளர்ந்த பிறகு கால்நடை மருத்துவர் அல்லாதவர்களும் மருத்துவமனைகளைச் சொந்தமாக்கத் தொடங்கினார்கள். 2013இல் பத்தில் ஒன்றுதான் பெரிய நிறுவனங்களிடம் இருந்தது. பத்தே வருடத்தில் பத்தில் ஆறாகிவிட்டது. இது அந்நாட்டுப் போட்டி ஆணையம் சொன்ன கணக்கு. நிறுவனம் வந்தாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. நல்ல கருவிகள் வந்தன, எக்ஸ்ரே மாறியது. ஆனால் ஒரு கேஸுக்கு எத்தனை நிமிடம் என்ற அட்டவணையும் சேர்ந்தே வந்தது.

நான் வேலையை விட்ட 2014ஆம் வருடம் மார்ச்சில் என் அப்பா படுத்துவிட்டார். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் முப்பது வருடம் செயலாளராக இருந்தவர். மருத்துவமனையில் விடுப்பு கேட்டேன். ஆட்டுக்குட்டிப் பருவம், ஆளில்லை, ஈஸ்டர் முடியட்டும் என்றார்கள். நான் வீடு வந்து சேர்ந்தபோது அவர் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த இடத்தின் மேல் எனக்கு இன்று கோபமில்லை. அவர்களுக்கும் உண்மையிலேயே ஆளில்லை. ஆனால் திரும்பிப் போனதும் ராஜினாமா எழுதினேன். அதிலிருந்து வருடத்தில் எட்டு மாதம் அங்கே, நான்கு மாதம் அம்மாவோடு என்று வாழ்கிறேன்.

வேலையை மாற்றினால் ஓடிப்போனதாக நினைக்கும் வழக்கம் நம் தொழிலில் எல்லா நாட்டிலும் இருக்கிறது. அதன் விலை என்ன தெரியுமா? பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களின் தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. அங்கே கால்நடை மருத்துவர்களுக்கென்று இரவும் பகலும் எடுக்கப்படும் உதவித் தொலைபேசி ஒன்று இருக்கிறது. நானும் ஒரு முறை அதில் பேசியிருக்கிறேன். இதை உங்கள் பெற்றோர் முன்னிலையில், வெட்கமில்லாமல் சொல்கிறேன். தாங்க முடியாத இடத்தில் இருந்தால் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இடத்தை மாற்றுங்கள். இடம் மாறியவர்களை ஏளனமாகப் பார்க்காதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

லோக்கமாகப் போன முதல் மாதம். வடமேற்கு இங்கிலாந்தில் கம்ப்ரியா என்ற மலை மாவட்டம். அங்கிருந்த டாக்டர் மத்தியானம் வேலையை முடித்துவிட்டு விடுமுறைக்கு விமானம் ஏறிவிட்டார். மாலை நான்கு மணிக்கு அழைப்பு: கன்று போட்டு இரண்டாம் நாள், மாடு எழவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பண்ணையின் பக்கத்தைத் திறந்தேன். அன்றைய தேதியில் ஒரே வரி: 'படுத்த மாடு. பார்க்கப்பட்டது.'

போனேன். கறுப்பு வெள்ளை ஃப்ரீஷியன் மாடு, தலையை விலாப் பக்கம் திருப்பிப் படுத்திருக்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. உங்களில் எவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பால் காய்ச்சல் என்பீர்கள். பெயரில்தான் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது. பால் மடிக்கு இறங்கும் வேகத்தில் ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோகிறது. கால்சியம் பாட்டிலை ரத்தக்குழாயில் ஏற்றினால் செத்ததாக நினைத்த மாடு எழுந்து நடக்கும். நம் ஊரில் டாக்டரைக் கடவுளாக்குகிற ஊசி அது. பாட்டிலை வெந்நீர் வாளியில் போட்டுச் சூடாக்கினேன். கழுத்து ரத்தக்குழாயில் ஊசியும் செருகிவிட்டேன். ஏற்றுவதற்கு முன் பழக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்.

பால் காய்ச்சலில் இதயம் மெல்லிய சத்தத்தில் வேகமாக அடிக்க வேண்டும். இங்கே மெதுவாக, பலமாக, நடுநடுவே விட்டு விட்டு அடித்தது. கை நின்றுவிட்டது. பக்கத்தில் லாந்தரோடு நின்ற அந்தப் பண்ணை வீட்டு மருமகளிடம் கேட்டேன், இன்றைக்கு யாராவது பாட்டில் போட்டார்களா என்று.

"ரெண்டு மணிக்கு டாக்டர் வந்து ரெண்டு பாட்டில் போட்டாரே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

நான் அந்தப் பாட்டிலையும் ஏற்றியிருந்தால் மாட்டின் இதயம் என் கையிலேயே நின்றிருக்கும். கால்சியம் உயிர் கொடுக்கிற அதே ரத்தக்குழாய் வழியாகத்தான் உயிரை எடுக்கவும் செய்யும். முதலிலேயே கேட்காதது என் தவறு. எழுதாதது அவர் தவறு. அவர் கெட்ட டாக்டர் இல்லை. நல்ல கைராசிக்காரர் என்று அந்த வட்டாரமே சொன்னது. பதினோரு வருடமாக அங்கே இருந்ததால், எழுதவேண்டிய எல்லாமே அவர் தலையில் இருந்தது. தலையோடு விமானம் ஏறிவிட்டார்.

ஊசியை உருவினேன். உட்கார்ந்து முழுதாகச் சோதித்தேன். கன்று பெரிது, பிரசவத்தில் இழுத்திருக்கிறார்கள், இடுப்புக்குள் நரம்பு நசுங்கிப் பின்கால் வலுவிழந்திருக்கிறது. கெட்டியாக வைக்கோல் பரப்பி, மாட்டை நெஞ்சில் நிமிர்த்தி உட்காரவைத்து, வலிக்கு ஊசி போட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றச் சொன்னேன். அன்றிரவு இரண்டு முறை நானே போனேன். மூன்றாம் நாள் காலை எழுந்து நின்றது.

அந்த வீட்டுப் பெரியவர் நான்காம் நாள்தான் வெளியூரிலிருந்து வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நன்றி சொல்லவில்லை. தொழுவத்தில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன எழுதுறே?" என்றார். மாட்டுக்கு என்ன ஆனது, என்ன கொடுத்தேன், எப்போது, எதை ஏன் கொடுக்கவில்லை, எல்லாம் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை நான் போய்விடுவேன் என்றேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "2001ல இங்கே வந்த டாக்டருங்க ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. வந்தாங்க, சுட்டாங்க, போனாங்க. நீ உன் பேர எழுதிட்டுப் போ."

2001 என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வருடம் பிப்ரவரியில் எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்துப் பன்றிகளில் கோமாரி நோய் கண்டுபிடிக்கப்பட்டது. செப்டம்பர் கடைசி வரை 2,026 இடங்களில் உறுதியானது. அதில் 893 கம்ப்ரியாவில். அறுபது லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். நோய் வந்ததை மட்டுமல்ல, பக்கத்துப் பண்ணையில் இருந்ததையும் கொன்றார்கள். நடக்கவிருந்த தேர்தலே தள்ளிப்போனது. அரசு மருத்துவர்கள் போதாமல் எங்கெங்கோ இருந்து தற்காலிகமாக ஆட்களை எடுத்தார்கள். அவர்களும் இரவு பகலாக உழைத்து மனம் உடைந்தவர்கள்தான். ஆனால் மூன்று தலைமுறையாக வளர்த்த மந்தையை ஒரே பகலில் இழந்த பெரியவருக்கு, பெயர் தெரியாத வெள்ளை உடுப்பு மனிதர்கள்தான் ஞாபகத்தில் தங்கியிருந்தார்கள்.

என் பெயரையும் போன் நம்பரையும் தொழுவத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதினேன். அதன்பின் ஏழு வருடம் அந்த மருத்துவமனை ஒவ்வொரு வசந்தத்திலும் என்னையே கூப்பிட்டது. கை நன்றாக இருக்கிறது என்பதற்காக அல்ல, என் குறிப்புகளை வைத்து மறுநாள் வேலையைத் தொடர முடிகிறது என்பதற்காக என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார்.

இப்படி எழுதுவதை நான் கம்ப்ரியாவில் கற்றுக்கொள்ளவில்லை. வேப்பேரியில் கற்றேன். அப்போது கொத்தவால்சாவடி கோயம்பேட்டுக்கு மாறவில்லை. காய்கறி மூட்டை இழுக்கும் வண்டிமாடுகள் நுகத்தடிப் புண்ணோடு எங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும். நான் ஒரு நாள் கேஸ் ஷீட்டில் 'புண் சுத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தேன். எங்கள் பேராசிரியர் அதை நான்காக மடித்து என் கையில் கொடுத்தார். "ஏம்மா, மாடு பேசாது. நீயும் பேசாம போனா நாளைக்கு வர்றவன் என்ன பண்ணுவான்?" என்றார். புண் எத்தனை விரற்கடை, சீழின் வாசம் எப்படி, வண்டிக்காரர் எந்தத் தெரு, எல்லாம் எழுதும்வரை விடுதிச் சாப்பாட்டுக்கு அனுப்பவில்லை. அன்று அவர் மேல் வந்த கோபத்தை நினைத்தால் இன்று கண் கலங்குகிறது.

நீங்கள் என்ன வேலைக்குப் போனாலும் ஏதோ ஒரு நாள் இன்னொருவரின் இடத்தில் நிற்பீர்கள். லீவ் வேகன்சி, கூடுதல் பொறுப்பு, மாற்றல், எல்லாம் அதுதான். தமிழ்நாட்டில் ஒரே டாக்டர் இரண்டு மருந்தகத்தைப் பார்க்கும் நிலை புதிதில்லை. ஐயாயிரம் கால்நடைக்கு ஒரு மருத்துவர் என்று தேசிய வேளாண்மை ஆணையம் எப்போதோ பரிந்துரைத்தது. அந்த இலக்கை நாம் எட்டும்வரை பாதி நோயாளிகளைப் பாதி வழியில்தான் சந்திப்போம்.

லோக்கம் வேலை பற்றி யோசிப்பவர்களுக்குச் சில சொற்கள். முதல் மூன்று வருடம் போகாதீர்கள். அங்கே பக்கத்து அறையில் கேட்க சீனியர் இருக்கமாட்டார். ஒரு நல்ல சீனியருக்குக் கீழே நின்று கை நடுக்கம் போன பிறகு போங்கள். ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நோய்வாய்ப்பட்டால் சம்பளமில்லை, விடுமுறைக்குச் சம்பளமில்லை. தொழில் பொறுப்புக் காப்பீடு உங்கள் பெயரில் இருக்கட்டும். பிரிட்டனில் வருடத்துக்கு 35 மணி நேரம் படிப்பைத் தொடர்ந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். நிரந்தரத்தில் நிறுவனம் அனுப்பும். லோக்கத்தில் நீங்களே நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். வரி விஷயத்தில் நண்பர் சொன்னதைக் கேட்காமல் கணக்காளரைக் கேளுங்கள். போன முதல் மணி நேரத்தில் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள்: மருந்து அலமாரியின் சாவி, ஆக்ஸிஜன் சிலிண்டர், நேற்றைய குறிப்புகள்.

என் அம்மாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது. லோக்கம் என்றால் என்ன என்று அவருக்கு நான் விளக்கி முடிக்கவே இல்லை. ஆனால் தைமாதம் நான் ஊரில் இருக்கும்போது காங்கேயம் மாட்டுக்குச் சினை பார்க்க யாராவது வந்தால், "எங்க புள்ள எழுதித் தருவா, அடுத்த டாக்டர்ட்ட காட்டிக்கோங்க" என்று அவரே சொல்லி அனுப்புகிறார்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளையோ அடுத்த மாதமோ டாக்டர் என்ற பெயரோடு முதல் மாட்டையோ முதல் நாய்க்குட்டியையோ பார்ப்பீர்கள். அன்றைக்கு அவசரமாக இருக்கும், வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள். இருந்தாலும் முழுப்பக்கம் எழுதுங்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எதைச் சந்தேகப்பட்டீர்கள், எது உங்களுக்குப் புரியவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரை, வாசிக்க முடிகிற கையெழுத்தில் எழுதுங்கள்.